நடைப்பயிற்சி மருத்துவம் (கால் தமனி அடைப்பில்)

கால் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குருதியோட்டம் குறைவதால், நடக்கையில் கெண்டைக்காலை இறுக்கிப் பிடித்து, சில நிமிடம் நின்றால் தணிந்துவிடும் வலிக்குரிய முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று நடைப்பயிற்சி மருத்துவம். புகைப்பழக்கமும் நீரிழிவும் இந்நோயின் பெருங்காரணிகள். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துவரும் எண் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருப்பது நோயின் அடையாளம். ஆனால் தமனி இறுகிய நீரிழிவாளருக்கு இவ்வெண் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும்.

நோயாளி வலி நடுத்தர அளவை எட்டும்வரை நடந்து, அது அடங்கியபின் மீண்டும் நடக்க வேண்டும். ஓய்வு உட்பட 30 முதல் 60 நிமிடம், வாரம் மூன்று முறை, குறைந்தது 12 வாரம் என்பது வழக்கமான அளவு. இதனால் அடைப்பு கரைவதில்லை என்பதே வியப்பு. கிடைக்கும் ஆக்சிஜனைத் தசை சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவதாலும், நாளங்கள் நன்கு விரிவதாலும் வலியின்றி நடக்கும் தூரம் கூடுகிறது. 1966-இல் டென்மார்க்கின் லார்சனும் லாசனும் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் போன்ற சிற்றூர்களில் இப்பயிற்சிக்கு டிரெட்மில் தேவையில்லை. சமமான தெருவும் இடையிடையே உட்காரத் திண்ணையும் போதும். 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் சீமைக்கருவேல முள் தைத்தாலும் தெரியாதாகையால் எம்.சி.ஆர். எனும் நுண்ணறை ரப்பர் செருப்பு அணிந்தே நடக்க வேண்டும். படுத்திருக்கையிலும் வலி, ஆறாத புண், விரல் கறுத்தல் ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி இரத்தநாள அறுவை மருத்துவரை உடனே அணுக வேண்டும்.