நாற்காலியும் நீதிமன்ற வாசலும்

பஞ்சாயத்துத் தலைவர் பதவி குறித்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது வக்கீல்களின் கவலை என்றே நாம் நெடுங்காலம் இருந்துவிட்டோம். தனி ஊராட்சிகள் வந்த 1996க்குப் பிறகு அது நம் சேரியின் கவலையும் ஆயிற்று.

கதை நாமக்கல்லில் தொடங்குகிறது. முதல் பொதுத்தேர்தலில் அத்தொகுதியில் பொன்னுசாமியின் வேட்புமனு தள்ளுபடியானது. அவர் உயர்நீதிமன்றம் போய், அங்கும் தோற்று, உச்சநீதிமன்றம் போனார். அறிவிப்பு முதல் முடிவு வரை எல்லாம் சேர்ந்ததே தேர்தல், நடுவில் நீதிமன்றம் நுழையாது, குறையிருந்தால் முடிந்தபின் தேர்தல் மனு போடுங்கள் என்று 1952இல் தீர்ப்பு வந்தது. அதே சுவர் 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே, 243ஓ என்னும் எண்ணில், ஊராட்சிக்கும் எழுப்பப்பட்டது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் மனுவுக்கு உரிய இடம் மாவட்ட நீதிபதி.

வென்று உட்கார்ந்தவரை இறக்குவது வேறு சங்கதி. அது தேர்தல் அல்ல. எனவே அந்தச் சுவர் அங்கே இல்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைக் கலெக்டரிடம் தந்திருக்கிறது. அவர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தாலும் தொடங்கலாம். தலைவர் விளக்கம் தர வேண்டும். அது ஏற்கப்படாவிட்டால் தாசில்தார் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் யார் தெருக்காரர்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் நம்மவர், துணைத்தலைவர் ஊர்க்காரர். அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் தண்ணீர்த் தொட்டி வேலை நிற்கும். பிறகு கடமை தவறினார் என்ற புகார் தலைவர் மேல்தான் வரும். இந்த நாடகத்தைப் பார்க்காத வட்டாரம் நமக்குத் தெரிந்து குறைவு.

நீக்கப்பட்டவருக்கு 226ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்றம் திறந்தே இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை இறக்குவது கடுமையான நடவடிக்கை, விசாரணையும் காரணமும் இன்றி அதைச் செய்யக் கூடாது என்று உச்சநீதிமன்றம் பஞ்சாபின் ராஜ்புரா நகராட்சி வழக்கில் 2001இலும், மகாராஷ்டிரத்தின் உரண் நகராட்சி வழக்கில் 2012இலும் சொன்னது. நல்ல தீர்ப்புகள். ஆனால் பதவிக்காலம் ஐந்தே ஆண்டு. வாய்தாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

இந்த வாசல்களில் எதிலும் சேராத நீக்கங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். மேலவளவுத் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் வென்றவர்கள் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார்கள். எழுத வைத்தது யார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். காகிதத்தில் அது அவர்கள் விருப்பம். நீக்கல் ஆணையே இல்லாதபோது எதை எதிர்த்து வழக்குப் போடுவது? அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் நிலைத்தது 2006 அக்டோபருக்குப் பிறகுதான்.