ஆறே இடங்கள்: கோல்கீப்பர் ஜானி போவர்

அணி விட்டு அணி அலைந்த வீரரைத் திறமை குறைந்தவராக விளையாட்டு வரலாறு எளிதில் ஒதுக்கிவிடுகிறது. ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ஜானி போவரின் வாழ்க்கை அவ்வழக்கத்தை மறுக்கிறது.

1924இல் கனடாவின் பிரின்ஸ் ஆல்பர்ட்டில் பிறந்த அவர், 1945 முதல் இரண்டாம் நிலை லீக்கில் கிளீவ்லாந்து பேரன்ஸ் அணிக்கு ஆடினார். 1953–54இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் 70 ஆட்டங்களிலும் அவரே கோல்கீப்பர். அவருக்கு இடமளிக்கக் கீழே அனுப்பப்பட்ட கம்ப் வோர்ஸ்லி, முந்தைய பருவத்தில் சிறந்த புதுமுக வீரருக்கான விருது பெற்றவர். அடுத்த பருவத்தில் வோர்ஸ்லி திரும்பினார். போவர் வான்கூவருக்கும் பிராவிடன்ஸுக்கும், மீண்டும் கிளீவ்லாந்துக்கும் சென்றார்.

1942 முதல் 1967 வரை தேசிய ஹாக்கி லீக்கில் ஆறே அணிகள்; ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே கோல்கீப்பரை நம்பியது. விரும்பியபடி அணி மாறும் உரிமையும் வீரர்க்கு இல்லை. ஏழாவது சிறந்தவருக்கு அங்கு வேலையே கிடையாது.

1958இல், 33 வயதில், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் சேர்ந்த போவர் நான்கு ஸ்டான்லி கோப்பைகளை வென்றார். கடைசிக் கோப்பையின்போது வயது 42. வாய்ப்பு வந்திராவிடில், அதே திறமையை நாம் தோல்வி என்றே பதிவுசெய்திருப்போம். பெயரறியாத பிற கோல்கீப்பர்களை மதிப்பிடுமுன், அன்று எத்தனை இடங்கள் இருந்தன என்று எண்ணிப்பார்ப்பது வரலாற்றாய்வாளரின் கடமை.