ஒன்றரை அங்குலம்கூட இல்லை

2014-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வீட்டை அகற்றச் சொன்னது. செய்திகளில் முன்னால் நின்றது வீட்டின் மதிப்பு, 18 லட்சம் டாலர். அடடா, பாவம்னு தோணும். நராகன்செட் கடலோரத்தில் ஒரு நிறுவனம் கட்டிய வீடு அது. சர்வே பிசகியதில், வீடு முழுசுமே பக்கத்து அறக்கட்டளையின் பூங்கா நிலத்தில் எழும்பிவிட்டது. 2011-ல் வாங்க வந்தவர்கள் அளந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

'காசு வாங்கிக்கிட்டு விட்டுடலாமே?' என்று நாமும் கேட்போம். இது பழைய கேள்வி. 1895-ல் பென்சில்வேனியாவில் ஒரு தொழிற்சாலைச் சுவரின் அஸ்திவாரக் கல், மண்ணுக்கு அடியில் 1 3/8 அங்குலம் பக்கத்து மனைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் சர்வேயர் பிழைதான். செதுக்கிவிடுகிறோம் என்றார்கள், பக்கத்துக்காரர் தன் மனையில் கால் வைக்கவே விடவில்லை. நீதிமன்றமும் அவர் பக்கம். நம்ம ஊர் வரப்புத் தகராறெல்லாம் இதுக்கு முன்னாடி சாதுதான்!

1951-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இளகியது. இரண்டு, மூன்றரை அங்குலம் அத்துமீறிய அஸ்திவாரம். தெரியாமல் நடந்தது, இடிச்சா பெரும் நஷ்டம், அதனால் இடிக்க வேண்டாம் என்றது.

ரோட் ஐலண்டில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. எனக்கு அது சரின்னுதான் படுது. அது என்றைக்கும் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று ஒதுக்கிய நிலம். கட்டினவர் நஷ்டத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தால், விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அறக்கட்டளைக்கு எங்கே இருக்கும்?