முழவின் மேனியும் அதன் வண்ணமும்

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காக வகுத்த நம் முன்னோர், முழவினைத் தோலின் பெயராலேயே குறித்தனர். ஓசை எழுவது தோலில். கை படுவது தோலில். கேட்போர் கண் சென்று நிலைப்பதும் தோலில். அத்தோலைத் தாங்கி நிற்கும் மரத்தைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். அம்மரத்தின் மேற்பூச்சைப் பற்றியோ ஏறக்குறைய ஒருவரும் பேசுவதில்லை. ஆயினும் தோல் அடிக்கடி மாற்றப்படுவது. மரமோ இரண்டு மூன்று தலைமுறை நிற்பது. ஒரு முழவின் வரலாறு எங்கேனும் எழுதப்பட்டிருக்குமாயின், அது அதன் மேனியின்மீதே எழுதப்பட்டிருக்கும். அம்மேனியைப் பற்றிய சில செய்திகளை, பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

பண்டைத் தமிழகத்தில் முரசின் உடல் வெறும் மரமன்று. பகைவனுடைய காவல் மரத்தை வெட்டி, அதனைக் குடைந்து வெற்றி முரசு செய்தல் வேந்தரின் வழக்கம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரது கடம்பினைத் தடிந்து முரசு செய்வித்த செய்தியைப் பதிற்றுப்பத்துக் கூறும். அத்தகைய முரசுக்கு மாலை சூட்டினர், மயிற்பீலி அணிந்தனர், அது வீற்றிருக்கத் தனிக் கட்டிலும் இட்டனர். அக்கட்டிலில் மோசிகீரனார் என்னும் புலவர் அறியாது கிடந்து உறங்கியதும், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை ஒறுக்காது அருகில் நின்று விசிறியதும் யாவரும் அறிந்த வரலாறு. நாம் அதில் வேந்தனுடைய பெருந்தன்மையையே காண்கின்றோம். கட்டில் அன்று ஏன் வெறுமையாக இருந்தது என்று கேட்போமாயின், முரசு நீராடச் சென்றிருந்தது என்பது விடை. முரசின் மேனியைக் கழுவிப் புதுக்குவது அரண்மனையில் ஒரு சடங்காகவே நடந்து வந்தது.

மிருதங்கம் என்பதும் உடலைக் குறித்த பெயரே. மிருத் என்பது மண். அங்கம் என்பது உடல். மண் போய் மரம் வந்த பின்னரும் பெயரில் மண் தங்கிவிட்டது. இன்று நாம் காணும் மிருதங்கத்தின் கட்டை பலா மரம். அதிலும் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. நடுவில் பருத்து இருபுறமும் குறுகி, வலந்தலை சிறுத்தும் தொப்பி அகன்றும் இருக்குமாறு கடைந்து குடைந்த கட்டை, ஈரம் முற்றிலும் வற்றும்வரை காத்திருக்க வேண்டும். இதன்மீது வண்ணம் பூசும் வழக்கம் வேரூன்றவில்லை. காரணம் எளிது. இருபுறத்து மூட்டுகளையும் இழுத்துப் பிணைக்கும் தோல் வார்கள் உடலின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன; பூசிய வண்ணத்தையும் வார் உராய்ந்து தின்றுவிடும். ஆதலின் பழங்கட்டையில் காண்பது மெருகும், வார் அழுந்திய வரிகளும், பலர் கைபட்ட கருமையுமே. அவ்வரிகளுள் வார் இழுத்தவரின் உழைப்பும் அடங்கும். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பெயரை அறியாத தமிழர் சிலரே. அவருக்கு வாத்தியம் அமைத்துக் கொடுத்த தஞ்சைப் பர்லாந்தின் பெயரை அறிந்தவரும் சிலரே. டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே அத்தொழிற் குடும்பத்தாரைப் பற்றிப் பலரும் கேள்வியுற்றனர். இது நம் இசை வரலாற்றுக்குப் பெருமை தருவதன்று.

வண்ணம் பூசிய முழவு நம்மிடையே படையின் வழியாகப் பரவியது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படை வீடு அமைத்தனர். அதனைத் தமிழர் இன்றும் தண்டு என்றே வழங்குவர். தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அச்சொல் நிலைபெற்றுவிட்டது. சென்னைப் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும், வணிகரும், கைவினைஞரும், ஏவலரும் வந்து குடியேறினர். 1780-இல் தோன்றிய சென்னைப் பொறியாளர் படை 1834-இல் பெங்களூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டு, இன்றும் அல்சூர் ஏரிக்கரையில் இருந்து வருகின்றது.

ஐரோப்பியப் படை முழவின் உடல் மரத்தாலோ பித்தளையாலோ ஆன உருளை. அதன் புறத்தே படையின் சின்னம், அதற்குமேல் மன்னரின் முடி, இருமருங்கும் அப்படை வென்ற போர்க்களங்களின் பெயர் தாங்கிய சுருள்கள் என வண்ணத்தால் தீட்டப்படும். போர்க்களத்தில் வழிபாடு நிகழ்த்தும்போது இம்முழவுகளை ஒன்றன்மேலொன்று அடுக்கி, அவற்றையே பலிபீடமாகக் கொள்வர். புதிய வெற்றி ஒன்று கிடைத்தால் புதிய சுருள் ஒன்று எழுதப்பட வேண்டும். ஆகவே இம்முழவுக்குப் பூச்சுப் புதுப்பித்தல் என்பது அலங்காரத்தின்பாற்பட்டதன்று. ஆவணத்தைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பானது. 1803-இல் அசாயேப் போரில் ஈடுபட்ட சென்னைப் படையினர் பெற்ற யானைச் சின்னம், வெலிங்டனில் நடுவம் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் சின்னமாக இன்றும் விளங்குகின்றது. சேரன் கடம்பை வெட்டியதும் வெள்ளையர் போர்ப்பெயரை எழுதியதும் ஒரே கருத்தின் இரு வடிவங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானபோது இந்த ஆவணம் முழுவதையும் திருத்த நேர்ந்தது. படைச் சின்னங்களிலிருந்து முடி நீங்கி, அசோகரின் சிங்கங்கள் இடம்பெற்றன. பழைய படைக் கொடிகள் அவ்வாண்டு நவம்பர் 23-இல் டேராடூன் இராணுவக் கழகத்தில் மரியாதையோடு வைக்கப்பெற்றன. கொடிக்குக் கிடைத்த அம்மரியாதை முழவுக்குக் கிடைக்க வழியில்லை. கொடியை மடித்து வைக்கலாம், முழவு மறுநாளும் அணிவகுப்பில் முழங்க வேண்டும். முடி இருந்த இடத்தைச் சுரண்டி அதன்மேல் எழுதுவதே செய்யத்தக்கது.

படை வாத்தியம் படிப்படியாகத் தெருவுக்கு இறங்கியது. கப்பன் பூங்காவின் பாண்டு மேடையில் துரைமார் கேட்ட இசை, கல்யாண ஊர்வலத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் வந்தது. சைடு டிரம்மும் பேஸ் டிரம்மும் நம் மக்கள் கையில் புது வண்ணங்களை ஏற்றன. போர்ப்பெயர் இருந்த இடத்தில் பாண்டு செட்டின் பெயர் ஏறியது.

இனி, பூசிய பொருளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் நாட்டின் பழைய பூச்சு அரக்கு. சிறு பூச்சி ஒன்று மரக்கிளைகளில் சுரந்து வைப்பது அது. பாண்டவரை எரிக்க எண்ணிய மாளிகை முதல், பாட்டியர் கேட்ட கிராமபோன் தட்டு வரை அதன் பயன் பரந்தது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்தில் அரக்கு வேலையை இன்றும் காணலாம். கடைசலில் சுழலும் மரத்தின்மீது வண்ணம் கலந்த அரக்குக் கோலை அழுத்துகின்றனர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படிகின்றது. பின்னர்த் தாழை மடலால் தேய்க்க, மெருகு ஏறுகின்றது. தூரிகை இல்லை, அடுப்பும் இல்லை. திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞரை வரவழைத்தார் என்பது அவ்வூரார் வழங்கும் வரலாறு. 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் தொடங்கிய அரக்கு, வண்ணத் தொழிற்சாலை, 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து நம் விரலில் அழியா மையிடும் தொழிற்சாலையாகப் புகழ்பெற்றது.

அரக்கின் இடத்தைப் பறித்தது அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் 1923 அளவில் வெளியிட்ட டூக்கோ. பருத்தி நாரை அமிலத்தால் மாற்றிச் செய்த இப்பூச்சு, வாரக்கணக்கில் உலர வேண்டியிருந்த மோட்டார் வண்டிப் பூச்சினைச் சில மணிகளில் உலரச் செய்தது. அமெரிக்க முழவுத் தொழிலகங்களும் அதனைக் கைக்கொண்டன. பெங்களூரில் இன்று எவ்வகை வண்டிப் பூச்சையும் டூக்கோ என்றே சொல்லக் கேட்கலாம். பொருள் மாறிய பின்னும் பெயர் நிற்பதற்கு மிருதங்கம் ஒன்றே சான்றன்று.

நான் குடியிருக்கும் ஒக்கலிபுரம், நகர ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. அருகிலுள்ள ஸ்ரீராமபுரத்தைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், பாண்டு வாசிக்கும் ஒருவர் தம் பாட்டனார் வைத்திருந்த சைடு டிரம் ஒன்றைப் பூச்சுக்காக வண்டிப் பெயின்டரிடம் கொண்டுவந்தார். மேலே வெள்ளிப் பூச்சு, அதனடியில் பச்சை, அதற்கும் அடியில் ஒரு சிவப்பு. உப்புத்தாள் இட்டுத் தேய்க்கத் தேய்க்க, சிவப்பின்மேல் மஞ்சள் நிறச் சுருள் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. எழுத்து இருந்தது, படிக்கும் நிலையில் இல்லை. பெயின்டர் கையை நிறுத்திவிட்டார். உரியவருக்கோ வரும் கிழமையே ஊர்வலம். அவர் வாழ்வு அந்தத் தோளில் தொங்கும் முழவில் இருக்கின்றது. பழமை பேசுவோர் சொல்வதுபோல் அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? கடைசியில், சுருள் தெரிந்த கையகல இடத்தின்மேல் நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசிவிட்டு, எஞ்சிய உடலுக்கு அவர் கேட்ட சிவப்பே பூசப்பெற்றது. அழகு என்று நோக்கினால் அது சற்றுக் குறைதான். ஆயினும் நான் கண்ட பூச்சு வேலைகளுள் அதனையே முதலாவதாக மதிக்கின்றேன்.

பூச்சு ஓசையைக் கெடுக்குமா என்பது அடுத்த வினா. திருச்சியில் பிறந்து, கல்கத்தாவில் பணியாற்றி, 1933-இல் பெங்களூர் வந்த சி. வி. இராமன், 1920-இலேயே மிருதங்கத்தின் ஓசையை ஆராய்ந்து எழுதியவர். 1934-இல் இந்நகரில் தாம் நிறுவிய இந்திய அறிவியற் கழகத்தின் ஏட்டில் அதனை விரித்தும் எழுதினார். வலந்தலையின் நடுவில் இடும் கரணையின் பாரமே, ஒழுங்கற்று எழவேண்டிய துணை ஒலிகளைச் சுருதியோடு இணங்கச் செய்கின்றது என்பது அவர் காட்டிய உண்மை. ஓசையின் தன்மையைப் பெரிதும் ஆள்வது தோலும் கரணையும் என்று ஏற்பட்டால், உடலின் புறத்தே உள்ள மெல்லிய பூச்சுக்கு அதில் பங்கு குறைவு. ஆனால் தோல் அமரும் விளிம்பு அவ்வாறன்று. அங்கே பட்டி படிந்து மேடுபள்ளம் ஏற்பட்டால் தோல் ஒரு சீராக இழுபடாது. எத்தனை முடுக்கினாலும் ஒருபுறம் ஏறியும் ஒருபுறம் இறங்கியும் ஒலிக்கும். விளிம்பைக் காகிதம் ஒட்டி மறைத்த பின்னரே தேர்ந்த பெயின்டர் துப்பாக்கியை எடுப்பார்.

வெளிநாட்டில் இதே சிக்கல் பணமாக மாறியுள்ளது. 1964 பிப்ரவரி 9-இல் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக் முழவின் மேல் சிப்பி போன்ற கருமுத்துத் தகடு ஒட்டியிருந்தது. அக்காலத்து முழவுகளை அதே தகட்டோடு வைத்திருப்பவருக்கு மிகுந்த விலை; தகட்டை உரித்துப் புது வண்ணம் பூசியவருக்கு விலை வெகுவாகக் குறையும். அந்நிறுவனம் அறுபதுகளில் உடலின் உட்புறத்தில் தேதி முத்திரை குத்தி வந்தது. வெளியே எத்தனை பூச்சு மாறினும், உள்ளே பார்த்து வயதை அறியலாம்.

நம் முழவுகளுக்கு முத்திரை இல்லை. ஆயினும் உட்புறம் உண்டு. வீட்டில் பழைய டிரம்மோ தவிலோ வைத்திருக்கும் நேயர்கள் அதனைப் புதுப்பிக்கக் கொடுக்கும்போது, உட்புறத்தில் தூரிகை படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் நிழற்படம் எடுத்துக்கொள்வது நன்று. சுரண்டும்போது எந்த நிறத்தின்கீழ் எந்த நிறம் வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்த கருவி, எந்த ஊரில் தோல் கட்டியது என்பவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதி, தோல் கட்டுவதற்குமுன் உட்சுவரில் ஒட்டிவிட வேண்டும். பசை மெல்லிதாக இருந்தால் போதும்.