நயினாதீவுச் சாசனமும் மென்பொருட் காப்புரிமையும்

மென்பொருள் ஆக்குவோர் ஒரு கருவியைத் தெரியுங்கால், அதன் திறனோடு, பின்னாளில் அதன்மீது எவர் உரிமை கோருவர் என்பதையும் சீர்தூக்க வேண்டியவராவர். இத்தகைய கவலை கடல்வணிகருக்குப் புதியதன்று.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனம் இதற்குச் சான்றாகும். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையாகிய இதனைக் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூடவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது கூறுகின்றது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் ஏனைய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் செம்பாதி.

அரசன் கோரிய பங்கு சிறிதன்று. எனினும், பாய் விரிக்கும் முன்னரே வணிகன் தன் இழப்பைக் கணக்கிட முடிந்தது. யானைக்கும் குதிரைக்கும் காட்டப்பட்ட சலுகை அரசனின் தேவையையும் புலப்படுத்துகின்றது. விதி கல்லில் இருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இதற்கு மாறான நிலையை அண்மை வரலாற்றிற் காணலாம். 1987இல் கம்பியூசேர்வ் நிறுவனம் வெளியிட்ட ‘ஜிஃப்’ என்னும் பட வடிவம் எங்கும் பரவிற்று. அதனுள் அமைந்த தரவுச் சுருக்க முறைக்கு அமெரிக்காவில் 1985இலேயே காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அதனை உடைய யுனிசிஸ் நிறுவனம், மென்பொருள் ஆக்குவோர் உரிமம் பெறவேண்டும் என்னும் கோரிக்கை 1994 இறுதியிலேயே வெளிப்பட்டது. துறையுட் புகுந்தபின் விதியை அறிந்த வணிகரின் நிலை அவர்களுக்கு நேர்ந்தது. எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க ‘பிஎன்ஜி’ வடிவம் இதன் விளைவாகவே தோன்றியது.

திறந்த மூல மென்பொருளில் எல்லா உரிமங்களும் ஒரே தன்மையன அல்ல. 2004இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, நிரலை வழங்கியோர் அப்பங்களிப்புத் தொடர்பான தம் காப்புரிமையைப் பயன்படுத்துவோர்க்கு அளிப்பதை வெளிப்படையாக உரைக்கின்றது. எம்ஐடி உரிமமோ காப்புரிமை என்னும் சொல்லையே கூறவில்லை. ஆயினும், அப்பாச்சி உரிமமும் அந்நிரலோடு தொடர்பற்ற மூன்றாமவரின் உரிமையைத் தடுக்கமாட்டாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஊர்காவற்றுறையில் எழுதிய மென்பொருளும் அமெரிக்காவில் விற்கப்படுமிடத்து அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்படும்.

ஆதலால், கருவி இலவசமா என்பதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. அதன் உரிமம் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது, ஆக்கிய பொருள் எந்நாட்டிற் செல்லவுள்ளது என்பனவும் ஆராயப்படல் வேண்டும். கடுமையான விதியினும் அறிவிக்கப்படாத விதியே வணிகனுக்குப் பெருங்கேடு என்பதை நயினாதீவுக் கல் உணர்த்துகின்றது.