மெல்போர்னில் ஓர் இடதுகால் உதை

2015 நவம்பர் 15, மெல்போர்ன். யுஎஃப்சி பெண்கள் பட்டத்துக்கான சண்டை. 56 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். சாம்பியன் ரோண்டா ரௌசி, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கியவர். அதுவரை 12 சண்டை, 12 வெற்றி. அதில் 9, எதிராளியின் கையை முறுக்கியே வந்தவை. கடைசியாக ஆகஸ்டில் 34 விநாடியில் குத்தியே ஜெயித்திருந்தார். வினையே அதுதான் போலிருக்கிறது!

எதிரே நின்ற ஹோலி ஹோம் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றவர், இடக்கை ஆட்டக்காரர். ரௌசி நேராகப் பாயப் பாய, இவர் பக்கவாட்டில் நழுவி இடதுகையால் முகத்தில் விட்டுக்கொண்டே இருந்தார். பிடித்தாலும் உதறிக்கொண்டார். இரண்டாம் சுற்றில் தடுமாறி எழுந்து திரும்பிய ரௌசியின் கழுத்தில் இடதுகால் உதை. 59ஆவது விநாடியில் ஆட்டம் க்ளோஸ்.

பட்டம் நாலு மாதம்கூடத் தங்கவில்லை. 2016 மார்ச்சில் மீஷா டேட் கழுத்தை நெரித்துப் பறித்தார். 2019 ஜூலையில் அமாண்டா நூனெஸ் ஹோமைச் சாய்த்ததும் தலைக்கு விட்ட ஓர் உதையால்தான்.