லயத்துக்கு வந்த குரல்கள்

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-ஆம் ஆண்டில் ஆரம்பமாகி, எஸ். பி. மயில்வாகனனின் குரல் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் பிரசித்தி பெற்றிருந்த அக்காலத்தில், கொழுந்து நிறுத்துவிட்டு அந்திப் பனியில் லயம் எனும் வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பிய ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு, யாரோ ஒருவர் காம்பராவில் ஒலித்த வானொலிப் பெட்டியே நாடகசாலையாகவும் விளங்கியது.

மேடை நடிகனுக்கு வேஷமும் தீபமும் துணை நிற்கின்றன. வானொலி நடிகனோ, கையிலுள்ள பிரதியின் தாள் புரளும் ஓசையும் கேளாதபடி, ஒலிவாங்கியை நெருங்கியும் விலகியும் நின்று, கோபத்தையும் தாபத்தையும் தொனியொன்றினாலேயே தோற்றுவிக்க வேண்டும். அருமையான வித்தை அது. ‘சானா’ என்று வழங்கப்பெற்ற எஸ். சண்முகநாதன் அவ்வித்தைக்கு இலங்கையில் ஒரு பரம்பரையையே உண்டாக்கினார். பின்வந்தோரில் பி. எச். அப்துல் ஹமீத், நடிகராகவும் நாடகத் தயாரிப்பாளராகவும் ஒருங்கே சிறந்தவர். எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தில், ராமதாஸ் மரைக்காராகவும், முஸ்லிமான ஹமீத் ஐயராகவும், டி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலி என்ற சிங்களவராகவும் பேசினர். பிறர் பேச்சை இவ்வளவு வாஞ்சையோடு தம் நாவில் ஏற்ற கலைஞர்களை வேறெங்கும் காண்பது அரிது. 1976-இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாயிற்று.

ஆயினும் அந்த நான்கு பாத்திரங்களில் தோட்டத் தொழிலாளி ஒருவரும் இல்லை. ஆவலோடு கேட்டிருந்தவர்களின் பேச்சுக்கே அவ்வரங்கில் இடமில்லாமற்போனது எனக்குத் தீராத வருத்தம். திரையிலோ, தோட்டத்து வாழ்வைக் காட்டும் ‘தோட்டக்காரி’ 1963-இலேயே வெளிவந்திருந்தது. பின்னர் 1975-இல், தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தாமே தயாரித்து நாயகனாக நடித்த ‘புதிய காற்று’ படத்துக்கு, பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த தெளிவத்தை ஜோசப் கதை வசனம் எழுதினார். மலையகத்தான் ஒருவன் எழுதிய சொல்லை மலையகத்தான் ஒருவன் திரையில் பேசியதே அப்படத்தின் விசேஷம் என்பேன்.

ஆனால் 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாகியிருந்தமையால், அக்குரல்களைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் பல, ஏற்கெனவே ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் கடந்து, நீலகிரி முதலிய இடங்களில் சிதறிக்கொண்டிருந்தன. அக்கால நாடகங்களின் ஒலிநாடா ஒன்றேனும் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்குமாயின், அது பூஞ்சணம் பிடித்து அழியுமுன், ‘நூலகம்’ போன்ற ஆவணக் காப்பகத்திடம் தயவுசெய்து சேர்ப்பியுங்கள்.